எங்களை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

நான் செய்த சாமானை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காரின் பின்சீட்டில் உட்கார்ந்து போகிறீர்களே, அந்த சீட்டைத் தரையோடு இறுக்கிப் பிடிக்கும் தகடு ஒன்று அடியில் இருக்கும். உள்ளங்கை அகலம், ஓரம் மடங்கி, நடுவில் இரண்டு துளை. பிராக்கெட் என்போம். பதினெட்டு வருடம் அதையும் அதன் அண்ணன் தம்பிகளையும்தான் அடித்தேன். 200 டன் பிரஸ்ஸில் தகட்டை வைத்து, கையை வெளியே எடுத்து, இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பிராக்கெட் விழும்.

வண்டி எங்கேயாவது மோதினால் பின்னால் இருக்கும் பிள்ளை சீட்டோடு பெயர்ந்து போகாமல் பிடிப்பது இந்தத் தகடுதான் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்தார். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. ஓரத்தில் பிசிறு இருந்தால் தள்ளி வைப்பேன். துளை நூல் அளவு விலகினாலும் ரிஜெக்‌ஷன் பெட்டியில் போடுவேன். இரவு ஷிஃப்டில் மூன்று மணிக்குக் கண் சொக்கும். அப்போதும் முகம் தெரியாத அந்தப் பிள்ளையை நினைத்துக்கொள்வேன். யாருடைய பிள்ளையோ பத்திரமாக இருக்கட்டும் என்று நான் வேலை செய்தேன். என் பிள்ளைகளைப் பற்றி யார் நினைத்தார்கள்?

எனக்கு ஊர் வேப்பம்பட்டு. திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவில் ரயில் நிற்கும் இடம். சி.டி.எச். ரோட்டில் கம்பெனி வேன்கள் வரிசையாக வந்து நிற்கும் ஊர். அம்பத்தூர், ஆவடி, காக்களூர், திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர், அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி என்று எட்டுத் திக்கும் வேலைக்குப் போகிற ஜனங்கள் இங்கே இருக்கிறோம். சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்று மேடையில் சொல்லும்போது கைதட்டல் விழுகிறதே, அந்த டெட்ராய்ட் எங்கள் முதுகில்தான் நிற்கிறது. என் கம்பெனியின் பெயரையும், நாங்கள் சாமான் கொடுத்த கார் கம்பெனியின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. பெயர் எதுவானாலும் கதை ஒன்றுதான்.

2019 ஆடி மாதம். கார் கம்பெனியிலிருந்து மாதாமாதம் எங்களுக்கு ஷெட்யூல் வரும். இத்தனை ஆயிரம் பிராக்கெட், இந்தத் தேதிக்கு என்று. அந்த மாதம் பாதிக்குப் பாதி குறைந்தது. அடுத்த மாதம் இன்னும் குறைந்தது. வாரத்தில் மூன்று நாள் வேலை, மீதி நாள் வீட்டில் இரு என்றார்கள். ஓ.டி. போனது. நைட் ஷிஃப்ட் போனது. கான்டீனில் முட்டை போனது. முதலில் காண்டிராக்ட் பையன்களை வரவேண்டாம் என்றார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள், பையைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்கு ரயில் ஏறினார்கள். ஒருவனுக்கும் ஒரு நாள் நோட்டீஸ் இல்லை. அன்றைக்கு நாங்கள் வாயைத் திறக்கவில்லை. பர்மனென்ட் என்ற ஒரு வார்த்தை எங்களைக் காப்பாற்றும் என்று நம்பினோம். அந்தப் பாவம் எங்கள் தலையிலும் இருக்கிறது.

2019 ஜூலையில் இந்தியாவில் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆண்டைவிட 31 சதவீதம் விழுந்தது. பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு வீழ்ச்சி இல்லை. நிதி நிறுவனங்கள் நொடித்ததால் வண்டிக் கடன் இறுகியது, பி.எஸ்.-6 புகை விதி வருகிறது என்று வாங்குகிறவர்கள் காத்திருந்தார்கள் என்று ஆயிரம் காரணம் சொன்னார்கள். எண்ணூரில் அசோக் லேலண்ட் அந்த செப்டம்பரில் மட்டும் 16 நாள் உற்பத்தியை நிறுத்தியது. உதிரிபாகத் துறையில் ஒரு லட்சம் தற்காலிகத் தொழிலாளர்களுக்கு வேலை போனதாக அந்த முதலாளிகளின் சங்கமே சொன்னது. ஒரு லட்சம் என்பது அவர்களுக்கு எண். எனக்கு, பையைத் தூக்கிக்கொண்டு போன அந்தப் பையன்களின் முகம்.

அரசு அப்போது சும்மா இருந்ததா? இருக்கவில்லை. இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

2019 ஆகஸ்ட் 23-ம் தேதி மத்திய நிதியமைச்சர் அறிவிப்பு வெளியிட்டார். புது வண்டி வாங்கும் நிறுவனங்களுக்குக் கூடுதலாக 15 சதவீதத் தேய்மானக் கழிவு. பதிவுக் கட்டண உயர்வு தள்ளிவைப்பு. அரசுத் துறைகள் வண்டி வாங்குவதற்கு இருந்த தடை நீக்கம். அடுத்த மாதம் செப்டம்பர் 20-ம் தேதி, கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22-ஆகக் குறைத்தார்கள். புதிதாகத் தொடங்கும் தொழிற்சாலைகளுக்கு 15. இதனால் ஓராண்டுக்கு அரசு இழக்கும் வருமானம் 1,45,000 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது.

எங்கள் வீட்டு டி.வி.யில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "கம்பெனிக்கெல்லாம் கவர்மெண்டு பணம் குடுத்துட்டாங்களாமே, இனிமே உங்களுக்கு முழு மாசமும் வேலை இருக்குமா?" நான் இருக்கும் என்றேன். உண்மையாகவே நம்பித்தான் சொன்னேன்.

வரி குறைந்தது லாபம் பார்க்கிற கம்பெனிக்கு. எங்கள் முதலாளி லாபமா பார்த்தார்? கார் கம்பெனியிலிருந்து நான்கு மாத பில் பாக்கி. சிறுதொழில் செய்கிறவனுக்கு 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. கேட்டால் அடுத்த ஷெட்யூல் வராது. சட்டம் கையில் இருந்தும் அவர் வாய் திறக்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் எங்கள் அறுபத்து நாலு பேரையும் கேட் அருகே நிற்க வைத்துப் பேசினார். "என்னை என்னப்பா பண்ணச் சொல்றீங்க? மெஷின் பேங்க்குக்காரன்து, எடமும் பேங்க்குக்காரன்து, எங்கிட்ட என்ன இருக்கு?" என்று அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. அழுததைப் பொய் என்று சொல்லமாட்டேன்.

நூறு பேருக்குக் குறைந்த கம்பெனியை மூட அரசின் அனுமதி வேண்டியதில்லை. அன்றைய சட்டம் அது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுத் தொகுப்பில் அந்த நூறு, முந்நூறு ஆகிவிட்டது. பூட்டுவதற்கான வாசல் இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது.

பேங்க் வந்தது. 2002-ன் கடன் மீட்புச் சட்டப்படி கேட்டில் நோட்டீஸ் ஒட்டியது. பிரஸ்களை ஏலம் போட்டது. நான் பதினெட்டு வருடம் துடைத்து, எண்ணெய் விட்டு, சாமி கும்பிட்ட மெஷினை லாரியில் ஏற்றுவதை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனம் காய்ந்து அதிலேயே இருந்தது.

எனக்கு வரவேண்டிய கிராஜுவிட்டியைச் சொல்கிறேன், நீங்களே கணக்குப் போடுங்கள். அடிப்படைச் சம்பளம் 13,000. ஒரு வருட சர்வீசுக்கு 15 நாள் சம்பளம், 26 நாளை ஒரு மாதமாகக் கணக்கிட்டு. வருடத்துக்கு 7,500. பதினெட்டு வருடம் வேலை செய்தேன் அல்லவா? அது கணக்கில் இல்லை. முதல் ஏழு வருடம் மூன்று காண்டிராக்டர்களின் பெயரில் ஓடியது. அதே மெஷின், அதே பிராக்கெட், அதே கை. காகிதத்தில் மட்டும் வேறு வேறு முதலாளி. ஆகவே 11 வருடம். 82,500 ரூபாய். மனு போட்டேன். வக்கீலுக்குக் கொடுத்தேன். இரண்டரை வருடம் அலைந்தேன். பணம் கொடுக்க வேண்டும் என்று ஆணை வந்தது. யார் கொடுப்பது? கம்பெனியில் இருந்ததையெல்லாம் பேங்க் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆணையை பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.

இப்போது திருநின்றவூர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். பன்னிரண்டு மணி நேரம் நின்று, வருகிற காருக்கெல்லாம் கேட்டைத் திறந்து விடுகிறேன். அவற்றில் எத்தனை காரில் என் பிராக்கெட் இருக்கிறதோ தெரியாது.

இதையெல்லாம் நான் சொன்னால் படித்தவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். நட்டத்தில் ஓடும் கார் கம்பெனியை அரசு எதற்குக் காப்பாற்ற வேண்டும், அது மக்கள் வரிப்பணம் அல்லவா, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமே என்று. நல்ல கேள்விதான். ஆனால் கேட்கிற நேரம் தப்பு. கம்பெனி வரும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லையே! நிலம் கொடுக்கும்போது, கரண்டுக்கு சலுகை கொடுக்கும்போது, விற்பனை வரியைத் திருப்பிக் கொடுக்கும்போது அது மக்கள் பணம் இல்லையா? கம்பெனி விழும் அன்று, எங்கள் கை நீளும்போதுதானா மக்கள் பணம் நினைவுக்கு வருகிறது? முதலாளிக்குக் கொடுத்தால் அதன் பெயர் ஊக்கத்தொகை. எங்களுக்குக் கொடுத்தால் அதன் பெயர் இலவசம்.

இந்த நாட்டில் அரசு கார் கம்பெனியைக் காப்பாற்றியதே இல்லை என்று நினைக்காதீர்கள். அன்றைய பிரதமரின் மகன் எழுபதுகளில் தொடங்கிய மாருதி லிமிடெட் கார் செய்யாமலே நொடித்து, 1978-ல் கோர்ட்டால் கலைக்கப்பட்டது. 1980-ல் தனியாக ஒரு சட்டமே போட்டு மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டது. சுசுகியைக் கூட்டாளியாகச் சேர்த்தது. 1983 டிசம்பரில் வண்டி வெளியே வந்தது. அதே எண்பதுகளில் இங்கே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் விழுந்தது. ஹெரால்டும் கெஸலும் செய்த கம்பெனி. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு கார் விட்டார்கள், எடுபடவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. அதற்காக யாரும் தனிச் சட்டம் போடவில்லை. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகளும் ஐ.டி. அலுவலகங்களும் நிற்கின்றன. ஆக, காப்பாற்றலாமா கூடாதா என்பதில் இந்த நாட்டில் கொள்கை ஒன்றும் இல்லை. யார் வீட்டுக் கம்பெனி என்பதே கணக்கு.

எங்கள் வேப்பம்பட்டிலிருந்து அரக்கோணம் போகிற ரயிலில் கொஞ்ச தூரம் போனால் கடம்பத்தூர். பக்கத்தில் அதிகத்தூர். 1998-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே மிட்சுபிஷி லான்சர் கார் செய்யத் தொடங்கியது. எங்கள் பக்கத்துப் பையன்கள் அந்த யூனிஃபார்ம் போட்டால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். பிறகு பஜேரோ வந்தது. பிறகு விற்பனை தேய்ந்தது. 2014 மே 24-ல் வங்காளத்தில் அவர்களுடைய உத்தரப்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. 2,000 பேருக்கு மேல் வேலை போனது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பியூஜோ கம்பெனி வாங்கியது. அதே வருடம் அதே பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் பக்கத்து அதிகத்தூர் ஆலையில் கூட்டுச் சேர்ந்தார்கள். இப்போது அங்கிருந்து சிட்ரோன் கார் வருகிறது.

ஆலை பிழைத்தது, அதில் எனக்கு சந்தோஷம்தான். அந்த கேட் திறந்திருப்பதால் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நிலத்துக்கு விலை உண்டு. கட்டடத்துக்கு விலை உண்டு. ஓடாத காரின் வெறும் பெயருக்குக்கூட 80 கோடி விலை உண்டு. முப்பது வருடம் அந்தக் காரைச் செய்த கைக்கு மட்டும் விலை இல்லையா?

ஃபோர்டு விஷயத்தைப் பாருங்கள். ஊரறிந்தது. 2021 செப்டம்பர் 9-ம் தேதி, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்றார்கள். மறைமலை நகரிலும் குஜராத்தின் சாணந்திலும் சேர்த்து சுமார் 4,000 பேர் பாதிக்கப்படுவார்கள் என்று அவர்களே சொன்னார்கள். அந்த 4,000 பேரில் என்னைப் போன்ற வெண்டர் கம்பெனி ஆட்கள் இல்லை. கான்டீன்காரர், வேன் டிரைவர், கேட்டுக்கு எதிரே டீக்கடை போட்ட அக்கா எவரும் இல்லை. ஆறே நாளில், செப்டம்பர் 15-ம் தேதி, வாகனத் துறைக்கு 25,938 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2022 பிப்ரவரியில் வந்த பயனாளிப் பட்டியலில் ஃபோர்டின் பெயரும் இருந்தது! மே மாதம் அவர்களே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஊரைவிட்டுப் போகிறேன் என்றவருக்குக்கூடப் பட்டியலில் இடம் இருந்தது. வேலை போனவர்களுக்கு எந்தப் பட்டியலில் இடம் இருந்தது?

இரண்டு ஆலைக்கும் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 2022 மே 30-ம் தேதி சாணந்து ஆலைக்காக டாடா, ஃபோர்டு, குஜராத் அரசு மூவரும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். 725 கோடியே 70 லட்சம் ரூபாய்க்கு ஆலை கைமாறியது. தகுதியுள்ள தொழிலாளர்கள் அனைவருக்கும் அங்கேயே வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அதே நாட்களில்தான் மறைமலை நகர்த் தொழிலாளர்கள், சரியான செட்டில்மெண்ட் கொடு என்று உள்ளேயே உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்தார்கள். ஜூலையில் கடைசிக் கார் வெளியே போனது. எழுத வேண்டும் என்று நினைத்தால் எழுத முடியும் என்பதற்கு சாணந்து சாட்சி.

இப்போது ஃபோர்டு திரும்பி வருகிறது. 2025 அக்டோபர் கடைசி நாளில் தமிழ்நாடு அரசோடு 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம், என்ஜின் உற்பத்தி, 600 பேருக்கு மேல் வேலை, 2029-ல் தொடக்கம் என்று செய்தி வந்தது. வரட்டும். வருகிறவரை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஒன்றே ஒன்று கேட்கிறேன். மறுபடியும் போக நினைத்தால் தொழிலாளிக்கு என்ன என்று இந்த முறையாவது எழுதி வாங்கினீர்களா? மூடியபோது நாற்பது வயதாக இருந்தவனுக்கு 2029-ல் நாற்பத்தேழு. "ஐ.டி.ஐ. முடித்த இருபத்திரண்டு வயதுப் பையன் போதும்" என்று சொன்னால் அவன் எங்கே போவான்?

வெளிநாட்டிலும் இதே கதைதான் என்பார்கள். முழுக்க அப்படி இல்லை. 2009-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்சும் கிரைஸ்லரும் திவாலானபோது அரசு சுமார் 8,000 கோடி டாலரை வாகனத் துறையில் இறக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகளில் மட்டும் 1,100 கோடி டாலருக்கு மேல் அரசுக்கு நட்டம். ஆனால் தொழிலாளர்களின் ஓய்வுக்கால மருத்துவ நிதிக்கு ஜெனரல் மோட்டார்சில் 17.5 சதவீதமும் கிரைஸ்லரில் 55 சதவீதமும் பங்கு கொடுத்தார்கள். தொழிலாளர்களும் நிறைய விட்டுக் கொடுத்தார்கள். விலைவாசிப் படியை அப்போது விட்டவர்கள், 2023-ல் வேலைநிறுத்தம் செய்துதான் திரும்ப வாங்கினார்கள். அங்கேயும் என் இனத்தான் ஒருவன் இருந்தான். டெல்ஃபி என்ற உதிரிபாகக் கம்பெனி. அதில் சங்கத்தில் இல்லாத மாதச் சம்பளக்காரர்கள் சுமார் 20,000 பேர். பெரிய கம்பெனி பிழைத்தது, இவர்களில் பலருடைய பென்ஷன் வெட்டப்பட்டது. காப்பாற்றும் கை பெரிய கேட்டோடு நின்றுவிடும் என்பது அங்கேயும் உண்மைதான்.

இங்கிலாந்தில் 2005 ஏப்ரலில் எம்.ஜி. ரோவர் மூழ்கியது. லாங்பிரிட்ஜில் சுமார் 6,000 பேர் ரோட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு நிதி வரும் என்று கம்பெனியை நடத்தியவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஏழு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால் ஆளுக்கு 3 பவுண்டுதான் தேறியது. அதைத் தீராத நோயுள்ள குழந்தைகளுக்கான ஒரு தரும இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். என் 82,500 ரூபாய் ஆணையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 3 பவுண்டுக்காரர்களை நினைத்துக்கொள்கிறேன்.

சுவீடன் வேறு மாதிரி செய்தது. சாப் கார் கம்பெனி தத்தளித்தபோது அரசு அதை வாங்க மறுத்துவிட்டது. 2011 டிசம்பரில் அது திவாலானது. ஆனால் அங்கே வேலை போனவனுக்கு வேலையில்லாக் காலக் காப்பீடு உண்டு. முதலாளிகளும் சங்கங்களும் சேர்ந்து நடத்துகிற மறுவேலை அமைப்புகள் உண்டு. கம்பெனியை விட்டுவிட்டார்கள், மனுஷனை விடவில்லை. எனக்கு இதுவே போதும். சத்தியமாகப் போதும்.

இங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது? இ.எஸ்.ஐ.யில் வேலை போனவருக்குப் பாதிச் சம்பளம் தருகிற திட்டம் ஒன்று உண்டு. ஆயுளில் ஒரே முறை, 90 நாள். அதுவும் மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால்தான் இ.எஸ்.ஐ.யே. அப்படி ஒரு திட்டம் இருப்பதை எங்கள் அறுபத்து நாலு பேருக்கும் யாரும் சொல்லவில்லை. 58 வயதுக்கு மேல் பி.எஃப். பென்ஷன் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். 2014-லிருந்து அதே ஆயிரம். மேற்கு வங்கத்தில் 1998 முதல், பூட்டிய ஆலைத் தொழிலாளர்களுக்கு மாத உதவித்தொகை கொடுக்கிறார்கள். 1,500 ரூபாய்தான், அரிசிக்குக்கூடக் காணாது. ஆனாலும் 'நீ இருக்கிறாய், உன்னை எனக்குத் தெரியும்' என்று அரசு சொல்வதாகவாவது அதற்கு அர்த்தம் உண்டு. தொழிலில் முன்னேறிய மாநிலம் என்று மார்தட்டும் நமக்கு அதுவும் முடியாதா?

நான் பிச்சை கேட்கவில்லை. ஓடாத காரை மக்கள் பணத்தில் ஓட்டு என்றும் கேட்கவில்லை. காலாவதியான கம்பெனி விழுந்தே தீரும் என்றால் விழட்டும். ஆனால் அரசு கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயிலும், வரும்போது கொடுத்தாலும் விழும்போது கொடுத்தாலும், எங்கள் பங்கை எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

சலுகை ஒப்பந்தத்தை ஊர் அறிய வெளியிடுங்கள். எத்தனை பேருக்கு வேலை என்று எழுதும் இடத்தில் காண்டிராக்ட் ஆட்களையும், சாமான் கொடுக்கும் சின்னக் கம்பெனிக்காரர்களையும் சேர்த்து எழுதுங்கள். கம்பெனி பாதியில் போனால் வாங்கிய சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும், கட்டும் பணம் முதலில் தொழிலாளிக்குப் போக வேண்டும் என்று எழுதுங்கள். கிராஜுவிட்டியைக் கட்டாயமாகக் காப்பீடு செய்ய வேண்டும் என்று கர்நாடகம் 2024-ல் விதி போட்டதே, அது போல ஒன்று அன்றைக்கு எங்களுக்கு இருந்திருந்தால் என் பணம் பேங்க்கின் பின்னால் வரிசையில் நின்றிருக்காது. 45 நாளில் பில் பணம் கொடுக்காத பெரிய கம்பெனிக்கு ஊக்கத்தொகையை நிறுத்துங்கள். எங்கள் முதலாளிக்கு அந்த நான்கு மாத பில் வந்திருந்தால் எங்கள் கேட் பூட்டியிருக்காது. மூடிய கம்பெனித் தொழிலாளிக்கு ஒரு வருடமாவது பாதிச் சம்பளமும், மறுபடி ஒரு தொழில் கற்க வழியும் கொடுங்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் காண்டிராக்ட் ஆட்கள். அவர்களை விட்டுவிட்டுச் செய்கிற எதுவும் தொழிலாளர் பாதுகாப்பு ஆகாது.

என் பெரிய மகன் டிப்ளமோ ஆட்டோமொபைல் முடித்திருக்கிறான். போன மாதம் ஒரு கார் கம்பெனியில் டிரெய்னியாகக் கூப்பிட்டார்கள். "போகட்டாப்பா?" என்று கேட்டான். பதில் சொல்ல எனக்கு ஒரு நாள் ஆனது. வேறு என்ன வேலை இருக்கிறது, போ என்றேன். அவனும் இப்போது சி.டி.எச். ரோட்டில் வேனுக்கு நிற்கிறான். என் பிராக்கெட்டை இறுக்குகிற லைனில் நாளை அவன் நிற்கலாம்.

ஐயா, ஆட்சியில் இருப்பவர்களே, அடுத்து வரப் போகிறவர்களே! அடுத்த கார் கம்பெனியோடு நீங்கள் கையெழுத்துப் போடும் மேடையில் பேனா உங்கள் கையில் இருக்கும். அந்தக் காகிதத்தில் என் மகனுக்காக ஒரு வரி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எனக்காக வந்த ஆணையில் 82,500 ரூபாய் என்று தெளிவாக டைப் அடித்திருக்கிறது. இன்றுவரை அதில் ஒரு ரூபாய் எனக்கு வரவில்லை.